சாரம் கட்டுவதும் கழற்றுவதும்

யாழ்ப்பாணத்தில் ‘சாரம்’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஆம்பிளையள் இடுப்பில் கட்டுகிற சாரம்தான். ஆசிரியப் பயிற்சி வகுப்பொன்றில் விரிவுரையாளர் “பிள்ளைக்குச் சாரம் கட்டிவிட வேண்டும்” என்று சொன்னபோது பின்வரிசையில் எழுந்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் சொன்னது மற்றச் சாரம். கும்பாபிஷேகத்துக்கு முன்பு கோபுரத்தைச் சுற்றித் தடி நட்டு, குறுக்கே கட்டி, பலகை போட்டிருப்பார்களே, அது. மேசன்மார் ஏறி நிற்பதற்கும், வர்ணம் தீட்டுகிறவருக்குக் கை எட்டுவதற்கும் கட்டப்படுவது. மேலே வேலை முடிய முடியக் கழற்றிக்கொண்டே கீழே இறங்குவார்கள். கும்பாபிஷேகத்தன்று ஒரு தடிகூட நிற்காது.

கற்பித்தலில் ‘சாரக்கட்டு’ என்று புத்தகங்கள் சொல்வதும் இதைத்தான். ஒரு வேலையைப் பிள்ளை தனியாகச் செய்ய ஏலாது; பக்கத்தில் ஒருவர் கொஞ்சம் கைகொடுத்தால் செய்துவிடும். அப்படியான வேலையில், எங்கே தடக்குகிறதோ அந்த இடத்துக்கு மட்டும் உதவுவது. பிள்ளைக்குப் பிடிபடப் பிடிபட உதவியைக் குறைத்து, கடைசியில் முழுதாக எடுத்துவிடுவது. இவ்வளவுதான். இதிலென்ன புதினம், எல்லாரும் செய்வதுதானே என்று தோன்றும். கட்டுவது எல்லாரும் செய்வதுதான். கழற்றுவதில்தான் நாங்கள் பிந்திவிடுகிறோம், நான் உட்பட. புதிதாக ஆரம்பப் பிரிவுக்கு வந்திருக்கும் ஆசிரியர்களையும், பின்னேரங்களில் பிள்ளையின் கொப்பியோடு மல்லுக்கட்டும் அம்மா அப்பாமாரையும் நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

21 மரக்கட்டைகள்

இந்தச் சொல் கல்விக்குள் வந்த கதை சின்னது. 1976இல் டேவிட் வூட், ஜெரோம் புரூனர், கெய்ல் ரோஸ் ஆகிய மூவரும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். மூன்று, நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் 30 பேர். ஒன்றோடொன்று பொருந்தக்கூடிய 21 மரக்கட்டைகள். அவற்றை அடுக்கி ஒரு பிரமிட் கட்ட வேண்டும். அந்த வயதுக்கு அது தனியாகச் செய்ய வலு கஷ்டமான வேலை. ஓர் ஆசிரியை பக்கத்தில் இருந்து, முடிந்தவரை பிள்ளையைத் தானாகச் செய்யவிட்டு, தேவைப்பட்ட இடத்தில் மட்டும் உதவினார். அந்த உதவி பிள்ளைக்குப் பிள்ளை எப்படி மாறுகிறது என்பதைத்தான் கவனித்தார்கள்.

மூன்று வயதுப் பிள்ளையிடம் ஆசிரியையின் பெரும்பாடு, அதை விளையாட்டுக்குள் இழுத்து வைத்திருப்பதுதான். நான்கு வயதுப் பிள்ளை வேலைக்குள் இறங்கிவிடும், ஆனால் பிழைவிடும். வாயால் சொல்லித் திருத்த வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளை தானே கட்டும். இடைக்கிடை நிமிர்ந்து ‘சரிதானே?’ என்று பார்க்கும். ஒரு தலையாட்டல் போதும். ஒரே வேலை, ஒரே ஆசிரியை, மூன்று விதமான உதவி. தரம் 1 வகுப்பில் இந்த மூன்று பேரும் ஒரே வாங்கில் நெருக்கிக்கொண்டு இருப்பார்கள். வயது மூன்று பேருக்கும் ஆறுதான்.

இதோடு எப்போதும் சேர்த்துச் சொல்லப்படும் பெயர் லெவ் வைகோட்ஸ்கி. சோவியத் உளவியலாளர், 1934இல், 37 வயதில், காசநோயால் இறந்துபோனார். சாரம் என்ற உவமை அவருடையது அல்ல, பரீட்சைத்தாள்களில் பலர் அப்படி எழுதினாலும். அவர் சொன்னது சாரம் கட்ட வேண்டிய இடம் எது என்பதை. ‘அண்மைய விருத்தி வலயம்’ என்று மனனம் செய்திருப்பீர்கள். அந்தச் சொற்றொடரைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. வளவில் ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம் நிற்கிறது என்று வையுங்கள். சில காய்களைப் பிள்ளை நின்ற நிலையிலேயே எட்டிப் பிடுங்கும். உச்சியில் உள்ளவை கொக்கத்தடிக்கும் எட்டாது. இரண்டுக்கும் நடுவில், கொக்கத்தடி இருந்தால் எட்டும் என்று சில காய்கள் இருக்கின்றன. அந்த நடுப்பகுதிதான் வலயம். கைக்கெட்டும் காய்க்குத் தடியை நீட்டிக் கொடுப்பதும் வீண், உச்சிக் காய்க்குப் பிள்ளையைக் குதிக்கச் சொல்வதும் வீண்.

52 - 27

வகுப்பறைக்குள் வருவோம். தரம் 3. கரும்பலகையில் 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொல்லி எழுதியிருக்கிறது. கொப்பிகளைப் பார்த்துக்கொண்டு போனால் நாலைந்து பேர் 35 என்று எழுதியிருப்பார்கள். வருடா வருடம் இதே 35. கவனயீனம் என்று சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டுப் போவது சுகம். ஆனால் அந்தப் பிள்ளை யோசிக்காமல் எழுதவில்லை. இரண்டிலிருந்து ஏழு போகாது. ஏழிலிருந்து இரண்டு போகும். ஆகவே போகிற பக்கமாகக் கழித்திருக்கிறது. ஐந்திலிருந்து இரண்டு போனால் மூன்று. 35. அதற்குள் ஒரு நியாயம் இருக்கிறது, பிழையான நியாயம்.

இங்கே பிள்ளைக்குத் தடக்குவது கழித்தல் அல்ல. 52 என்பதற்குள் இருக்கும் ஐந்து, ஐந்து பத்துகள் என்பது கண்ணுக்குத் தெரியவில்லை. அதைத் தெரியவைக்கத்தான் சாரம். என்னிடம் ஒரு பழைய பிஸ்கட் ரின் இருக்கிறது. அதற்குள் ஒரு சாண் அளவில் வெட்டிய தென்னை ஈர்க்குகள். பத்துப் பத்தாக எண்ணி றப்பர் பான்ட் போட்ட கட்டுகள் கொஞ்சம், உதிரிகள் கொஞ்சம். கட்டுகளைப் பிள்ளைகளையே கட்டவைப்பேன். பத்தைத் தானே எண்ணிக் கட்டிய பிள்ளைக்குத்தான் அதை அவிழ்க்கலாம் என்று தோன்றும்.

35 எழுதிய ஒரு பெடியனோடு நடந்தது இது. ஐந்து கட்டும் இரண்டு ஈர்க்கும் மேசையில் வைத்தான்.

“இதிலயிருந்து இருபத்தேழை எனக்குத் தாரும் பாப்பம்.”

இரண்டு கட்டை எடுத்துத் தந்தான். பிறகு உதிரியைப் பார்த்தான். இரண்டு கிடந்தது. என்னைப் பார்த்தான்.

“ஏழு இல்லை ரீச்சர்.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வாய் உன்னியது, அடக்கிக்கொண்டேன். ஈர்க்கை உருட்டினான். பக்கத்து மேசையைப் பார்த்தான். பிறகு ஒரு கட்டைத் தொட்டுக்கொண்டு, “இதை அவிழ்க்கட்டோ ரீச்சர்?”

“உம்மட கட்டுத்தானே.”

அவிழ்த்தான். பன்னிரண்டு உதிரி. ஏழை எண்ணித் தந்தான். மிச்சத்தை எண்ணினான்: இரண்டு கட்டு, ஐந்து உதிரி. கொப்பியில் இருந்த 35ஐ அவனே அழிறப்பர் எடுத்து அழித்தான். கடன் வாங்குதல் என்று நாங்கள் கரும்பலகையில் சொல்லிக்கொடுக்கிற வித்தை முழுவதும் அந்த ‘அவிழ்க்கட்டோ’வுக்குள் இருக்கிறது. அதை நான் சொல்லியிருந்தால் அது என் கணக்காகப் போயிருக்கும்.

அப்புறம் ஈர்க்கையே பிடித்துக்கொண்டு தரம் 5 வரை போக ஏலாது. ஒரு கிழமை ஈர்க்கு. அடுத்த கிழமை ஈர்க்குக்குப் பதில் கொப்பியில் கோடு: ஒரு கட்டுக்கு ஒரு நீளக்கோடு, உதிரிக்குப் புள்ளி, அவிழ்த்த கட்டை வெட்டிவிட்டுப் பத்துப் புள்ளி. அதற்குப் பிறகு வெறும் இலக்கம். கையால் செய்வது, படமாகப் பார்ப்பது, குறியீடாக எழுதுவது என்று அறிவுக்குள் போகும் மூன்று வழிகளைப் புரூனர் 1966லேயே எழுதியிருக்கிறார். பலர் செய்யும் பிழை, ஈர்க்கிலிருந்து ஒரே தாவலில் இலக்கத்துக்குப் போவது. நடுவில் உள்ள அந்தக் கோடும் புள்ளியும்தான் உண்மையில் சாரத்தைக் கழற்றும் வேலையைச் செய்கின்றன.

எவ்வளவு உதவி, எப்போது?

இதற்கு வூட் ஒரு நல்ல ஏணி வைத்திருந்தார். உதவியை ஐந்து படியாகப் பிரித்தார். எங்கள் கழித்தல் கணக்கில் அது இப்படி வரும். முதல் படி, பொதுவாக ஒரு வார்த்தை: “திருப்பி ஒருக்கால் பாரும்.” இரண்டாவது, குறிப்பாக ஒரு வார்த்தை: “ஒன்றுகளை மட்டும் பாரும், ஏழு எடுக்கலாமோ?” மூன்றாவது, கட்டுகள் கிடக்கும் பக்கம் விரலைக் காட்டுவது. நான்காவது, ஒரு கட்டை எடுத்து றப்பர் பான்டைத் தளர்த்தி அவன் கையில் கொடுப்பது. ஐந்தாவது, நானே செய்து காட்டுவது.

விதி ஒன்றுதான். பிள்ளை தோற்றால் ஒரு படி கூட்டு. வென்றால் ஒரு படி குறை. கேட்க எவ்வளவு சுலபம்! ஒரு பாடவேளை முழுவதும் இதைக் கடைப்பிடித்துப் பாருங்கள், எங்களுக்கு எது பழக்கம் என்று விளங்கும். நாங்கள் முதல் படியில் நின்று “வடிவா யோசி” என்போம், பிள்ளை முழிக்கும், உடனே ஐந்தாம் படிக்குத் தாவிப் பென்சிலை வாங்கி நாங்களே எழுதிவிடுவோம். இடையில் உள்ள மூன்று படிகள் வெறுமையாகக் கிடக்கும். படிப்பிக்கிறதே அந்த மூன்று படியில்தான். “வடிவா யோசி” என்பதை உதவியாகவே நான் இப்போது கணக்கெடுப்பதில்லை. எதை யோசிப்பது என்று தெரிந்திருந்தால் பிள்ளை முன்பே யோசித்திருக்கும்.

ஒரு படி கூட்டுவதற்கு முன் கொஞ்சம் பொறுக்கவும் வேண்டும். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்பவர் 1970களில் விஞ்ஞான வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்த நேரம் ஏறத்தாழ ஒரு செக்கன். அதை மூன்று செக்கனாகக் கூட்டியபோது, பதில்கள் நீண்டன, ‘தெரியாது’ குறைந்தது, வழக்கமாக வாய்திறக்காத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். மூன்று செக்கன்தான். வகுப்பில் அது ஒரு யுகம் மாதிரி இருக்கும். நான் மேசைக்குக் கீழே விரல் மடித்து எண்ணுவேன். முன்வாங்கில் “ரீச்சர் நான், ரீச்சர் நான்” என்று கையை உயர்த்திக்கொண்டு துள்ளுகிற பிள்ளையைப் பார்க்காமல் எண்ணுவது தனிக் கலை.

கொம்பு

தரம் 1இல் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு இது தெரியும். ‘கொக்கு’ என்று சொல்கிறோம். காதில் முதலில் விழுவது க் என்ற ஒலி. ஆனால் எழுதும்போது முதலில் வருவது கொம்பு. பிறகு க, பிறகு அரவு. ஒலி ஒரு வரிசையில் வர, எழுத்து வேறு வரிசையில் நிற்கிறது. பிள்ளை காதை நம்பிக் க-வை முதலில் எழுதிவிட்டு, கொம்புக்கு இடமில்லாமல் அதைப் பின்னால் கொண்டுபோய் ஒட்டும். மக்குத்தனம் இல்லை. காது சொன்னதைச் செய்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதற்கு நான் மூன்று மட்டைத் துண்டு பாவிப்பேன். ஒன்றில் கொம்பு, ஒன்றில் க, ஒன்றில் அரவு. பிள்ளை அவற்றை அடுக்கி, பிறகு பார்த்து எழுதும். இரண்டொரு நாளில் மட்டையை எடுத்துவிடுவேன், எழுதத் தொடங்கும்போது கொப்பியில் இடது பக்கமாக விரலை வைப்பேன், “முன்னுக்கு என்ன?” பிறகு கேள்வி போய்விடும், விரல் மட்டும். பிறகு விரலும் இல்லை. பக்கத்தில் நின்றாலே போதும், பிள்ளை என்னை ஒருதரம் பார்த்துவிட்டுக் கொம்பைப் போடும். ஒருநாள் நான் வேறு மேசையில் நிற்கும்போது எழுதியிருக்கும். கழற்றுவது என்று நான் சொல்வது இந்த இறக்கத்தை. ஒரு காலைநேரத்தில் ‘இனி நீயே செய்’ என்று கைவிடுவதை அல்ல.

விஜயதசமியன்று ஏடு தொடக்கும்போதும் இதுதான் நடக்கிறது. தட்டில் அரிசி பரப்பி, குருக்களோ ஆசிரியரோ தாத்தாவோ மடியில் இருத்தி, பிள்ளையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுதுவிப்பார். எழுத்து முழுவதும் பெரியவருடையது. பிள்ளையின் விரல் வெறும் எழுத்தாணி. உதவியின் உச்சப்படி அது, அந்த ஒரு நாளைக்குச் சரி. தை மாதம் தரம் 1இல் சேர்ந்த பிறகும் கையைப் பிடித்தே எழுதுவிக்கும் அம்மாமார் இருக்கிறார்கள். எழுத்து அழகாகத்தான் இருக்கும். யாருடைய எழுத்து என்றுதான் கேட்க வேண்டும்.

ழ, ள விடயம் கொஞ்சம் வேறு. எங்கள் பேச்சில் வாழைப்பழம் ‘வாளைப்பளம்’ ஆகிவிடுகிறது. காது இங்கே உதவாது, கண்தான் பழக வேண்டும். அதற்கு நிறைய வாசிப்பதைத் தவிர எனக்குத் தெரிந்த சாரம் எதுவும் இல்லை.

நான் கழற்ற மறந்த கதை

தரம் 4க்குக் கட்டுரை எழுதப் பழக்கிய வருடம். தலைப்பு ‘பனைமரம்’. வந்த கொப்பிகள் எல்லாவற்றிலும் முதல் வசனம் ஒன்றேதான்: ‘பனைமரம் ஒரு கற்பகதரு ஆகும்.’ இரண்டாவதும் ஒன்றே. ரியூசனில் கொடுத்த கட்டுரை என்று பார்த்தவுடனே தெரிந்தது. நுங்கு குடித்து, பனங்கிழங்கு கிண்டி, வேலிக்கு ஓலை கட்டி வளர்ந்த பிள்ளைகள். அவர்கள் வாயைத் திறந்தால் பனையைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள். கட்டுரையில் ஒன்றும் இல்லை.

சரி என்று நான் வேறு வழி பிடித்தேன். முதலில் கதைக்கவிட்டேன். “பனங்காய்ப் பணியாரம் சுடேக்க எங்கட வீட்டில புகை, அம்மம்மாக்கு இருமல்” என்று ஒரு பிள்ளை சொன்னாள். அதை அப்படியே கரும்பலகையில் எழுதினேன். பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக்குவது எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு தனிப் படி என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ‘சுடேக்க’ எப்படிச் ‘சுடும்போது’ ஆகும், ‘எங்கட’ எப்படி ‘எங்கள்’ ஆகும் என்று சேர்ந்து மாற்றினோம். ‘போறன்’ என்று எழுதும் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது என்று நினைக்கக்கூடாது. ஒரு தமிழிலிருந்து இன்னொரு தமிழுக்கு இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

அதற்குப் பிறகு இடைவெளி விட்ட வசனங்கள் கொடுத்தேன். ‘எங்கள் வீட்டில் பனையிலிருந்து ______ செய்வோம். எனக்கு மிகவும் பிடித்தது ______. ஏனென்றால் ______.’ அருமையாக வேலை செய்தது. எழுதாத பிள்ளைகளெல்லாம் எழுதினார்கள். பசு, கடல், எங்கள் ஊர்த் திருவிழா, எல்லாத் தலைப்புக்கும் வசனச் சட்டகம். எனக்கும் பெருமை, கொப்பிகளும் நிறைந்தன. ஒரு தவணை முழுவதும் அப்படியே போனது.

தவணைப் பரீட்சையில் ‘மழைநாள்’ என்று வெறும் தலைப்பு மட்டும் வந்தது. சுற்றிவந்து பார்க்கிறேன், நன்றாக எழுதக்கூடிய ஒரு பிள்ளை வெறும் தாளை வைத்துக்கொண்டு இருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். “கோடு போட்ட வசனம் இன்னும் தரேல்லையே ரீச்சர்” என்றாள். குறும்பு இல்லை, உண்மையாகவே காத்திருந்தாள். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ரியூசன்காரர் முழுக் கட்டுரை கொடுத்தார், நான் முக்கால் கட்டுரை கொடுத்தேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

அடுத்த தவணை சட்டகத்தைத் தேய்த்துக்கொண்டு போனேன். முதல் மூன்று வசனத்துக்கும் தொடக்கம். அடுத்த தரம் ஒரு வசனத்துக்கு மட்டும். பிறகு வசனம் இல்லை, கரும்பலகையின் மூலையில் நாலு கேள்வி. பிறகு கேள்விகளைப் பிள்ளைகளே சொல்ல வேண்டும். கடைசியில் தலைப்பு மட்டும். எல்லாரும் ஒரே நாளில் இறங்கவில்லை. சிலர் கேள்விப் படியிலேயே நெடுநாள் நின்றார்கள். நிற்கட்டும் என்று விட்டேன். கட்டுரைகள் முன்னைவிட அசிங்கமாகத்தான் இருந்தன: எழுத்துப்பிழை, பாதி வசனம், ‘பிறகு பிறகு’ என்று பத்துப் பிறகு. அதிபரிடம் காட்டக் கூச்சமாக இருந்தது. ஆனால் இரண்டு கொப்பி ஒன்றுபோல இருக்கவில்லை.

முப்பது பேருக்கு ஒரு ரீச்சர்

இதெல்லாம் ஒரு பிள்ளையோடு இருந்தால் சரி, வகுப்பில் எப்படி என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வூடின் ஆசிரியைக்கு ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதான்.

எனக்குத் தெரிந்த பதில், சாரத்தை எல்லாருக்கும் பொதுவாக வைத்துவிட்டு, தேவையானவர் வந்து எடுக்கவிடுவது. ஈர்க்கு ரின் அலுமாரிக்கு மேலே இருக்காது, வகுப்பின் நடுவில் இருக்கும். எடுப்பதற்கு அனுமதி வேண்டாம். எடுப்பது வெட்கமான காரியமாக ஆகாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. நானும் சிலநேரம் எடுத்து எண்ணுவேன்.

அடுத்தது, பிள்ளைக்குப் பிள்ளை. இது எங்களுக்குப் புதிதே இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை இருந்தான். மூத்த பிள்ளை இளையவர்களுக்குப் பாடம் சொல்லுவான். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையில் இருந்த அன்ட்ரூ பெல் என்ற பாதிரியார், ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்து, பிள்ளைகளே பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் முறையையும் அமைத்தார். அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரிலேயே இங்கிலாந்துக்குப் போனது. தீவகப் பக்கத்துச் சின்னப் பள்ளிக்கூடங்களில், இரண்டு மூன்று தரங்களை ஓர் ஆசிரியர் ஒன்றாக வைத்துப் படிப்பிக்கும் இடங்களில், இன்றைக்கும் இதுதான் கைகொடுக்கிறது. போன வருடம் கட்டை அவிழ்க்கப் பழகிய பிள்ளைக்கு, எங்கே தடக்கும் என்பது என்னைவிட நன்றாக நினைவிருக்கும். ஒரேயொரு எச்சரிக்கை: பிள்ளைகள் நேரே ஐந்தாம் படிக்குத்தான் போவார்கள். “விடையைச் சொல்லாமல் உதவி செய்” என்பதை அவர்களுக்கு விளையாட்டாகப் பழக்க வேண்டும். எங்கள் வகுப்பில் உதவி செய்பவர் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒரு சட்டம் வைத்தோம். பென்சிலைப் பறிக்க ஏலாது.

1999இல் நாடு முழுவதும் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்தில் விளையாட்டு, செயற்பாடு, மேசையில் இருந்து செய்யும் வேலை என்று மூன்றையும் கலந்து படிப்பிக்கச் சொன்னார்கள். தரம் 1, 2இல் விளையாட்டுக்கு இடம் அதிகம். மேலே போகப் போக மேசை வேலை கூடும். ஐந்து வருடத்துக்கு நீட்டிப் போட்ட சாரம் என்றே நான் அதை எடுத்துக்கொள்கிறேன். தரம் 5இல் வரும் புலமைப்பரிசில் பரீட்சைப் பயத்தில் தரம் 3லேயே மாதிரி வினாத்தாளைக் கையில் கொடுப்பது, பூச்சு காய முன்னம் சாரத்தைப் பிடுங்குகிற வேலை. கழற்றப் பிந்துவதைப் பற்றியே இவ்வளவு நேரமும் சொல்லிக்கொண்டிருந்தேன், முந்துவதும் உண்டு.

வீட்டில்

வீட்டு வேலையில் பிள்ளை தடக்கினால், முதலில் “எதுவரைக்கும் விளங்குது?” என்று கேளுங்கள். முழுக் கணக்கும் தெரியாது என்று சொல்லும் பிள்ளைக்கு, பெரும்பாலும் ஓர் இடம் மட்டும்தான் தெரியாது. அந்த இடத்தைக் கண்டுபிடித்தால் உதவி அரைவாசி முடிந்தது. பென்சிலைப் பிள்ளையின் கையிலிருந்து வாங்காதீர்கள். எழுதிக் காட்டத்தான் வேண்டுமென்றால் வேறு தாளில் வேறு கணக்கு எழுதிக் காட்டுங்கள். பிழையோடு கொப்பி பள்ளிக்கூடத்துக்கு வந்தால் எனக்குப் பிரச்சினை இல்லை. அந்தப் பிழையைப் பார்த்துத்தான் நாளைக்கு எங்கே கட்டுவது என்று எனக்குத் தெரியும். அம்மா திருத்தி அனுப்பிய கொப்பியில் எனக்குப் படிக்க ஒன்றும் இருக்காது. அழுகிற அளவுக்குப் போனால் மூடி வையுங்கள். பிள்ளை சலித்துப் போகாமல் பார்த்துக்கொள்வதும் உதவி செய்கிறவரின் வேலைகளில் ஒன்று என்று அந்த 1976ஆம் ஆண்டுக் கட்டுரையே சொல்கிறது. இரவு ஒன்பது மணிக்கு எந்தச் சாரமும் நிற்காது.

ஈர்க்கு ரின்னை இந்த வருடம் கார்த்திகையில் கடைசியாகத் திறந்து பார்த்தேன். பாதிக் கட்டுகளில் றப்பர் பான்ட் இற்றுப்போயிருந்தது. அவ்வளவு நாளாக ஒருவரும் தொடவில்லை. அன்றைக்குக் கரும்பலகையில் 64இலிருந்து 26. எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். பின்வாங்கில் ஒருத்தி மட்டும் இடது கையை மேசைக்குக் கீழே வைத்து, இல்லாத ஒரு கட்டை விரலால் அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். 38 என்று எழுதியிருந்தாள்.